அம்மன் பெயரில் ஓர் இத்தாலிய வண்டி

முந்தைய உரிமையாளரைக் கையோடு அழைத்து வரவேண்டும் என்று பதிவு அலுவலகத்து எழுத்தர் சொன்னபோது என் தங்கை என்னைப் பார்த்தாள். நான் கூரையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தேன். அழைத்து வரக்கூடிய நிலையில் அவர் இல்லை. ஹல்துமுல்லைக்கு மேலே, நாங்கள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தின் கோயிற் கருவறைக்குள், மஞ்சள் பட்டுடுத்திக் கருங்கல் வடிவில் அமர்ந்திருப்பவர் அவர். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இரண்டாவது உரிமையாளராக எழுதப்பட்டிருந்தது எங்கள் அம்மனின் திருப்பெயர்.

“அவங்க வெளிய வர மாட்டாங்க தம்பி,” என்றாள் தங்கை.

“சுகமில்லையா?”

“சுகமாத்தான் இருக்காங்க. வருசத்துக்கு ஒரு தடவதான் வெளிய வருவாங்க.”

எழுத்தர் இளைஞர், பொறுமையுள்ளவர். பதுளை நகரத்துக்காரரானபடியால் எங்கள் கோயிலை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. “அப்ப ஐடி கார்ட் நம்பராவது குடுங்கக்கா,” என்றார்.

என் தங்கைக்கு வேண்டியிருந்தது ஒன்றே: அந்தப் புத்தகத்தில் மூன்றாவதாகத் தன் பெயர். அவள் பெரகல சந்தியில் வாகன உதிரிப்பாகக் கடை நடத்துகிறாள். கடைக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ், அவளும் அவள் கணவரும் பதினோராண்டுக் காலம் பழுதுபார்த்து உயிர்ப்பித்த இத்தாலியக் கார் ஒன்று நிற்கிறது. இருவர் மட்டுமே அமரக்கூடிய பந்தய வகைக் கார். அதன் கூரை என் இடுப்புக்குச் சற்றே மேலே வரும். எஞ்சின் முன்னால் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், பன்னிரண்டு உருளைகளோடு குறுக்காகப் படுத்திருக்கிறது. நிறம் செவ்விளநீர் நிறம். இத்தீவில் இதற்கு இணை கிடையாது என்றும், உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவையே மிஞ்சியிருக்கின்றன என்றும் மச்சான் சொல்வார். அதிகம் பேசாத அவர் சொல்வதால் நான் நம்புகிறேன்.

புத்தகத்தில் பெயரில்லாமல் வரிப்பத்திரம் கிடையாது. வரிப்பத்திரம் இல்லாமல் வண்டியைப் பாதையில் இறக்க இயலாது. ஆகவே, மணிக்கு நூற்றைம்பது மைல் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட அந்த வண்டி, கடையின் பின்முற்றத்தில் பத்தடி முன்னே போய்ப் பத்தடி பின்னே வந்துகொண்டிருந்தது. பிரேக் எண்ணெய் வாங்க வரும் லொறிச் சாரதிகள், “என்னக்கா, இன்னிக்கு எத்தன அடி ஓடுச்சு?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் ஒவ்வொரு நாளும் மாலையில் அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சாவியைப் போடாமல், சிறிது நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பாள்.

எழுத்தரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் மேலதிகாரியிடம் போனார். மேலதிகாரி வந்து எங்களைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மீண்டும் எங்களைப் பார்த்தார். பிறகு, வண்டி யார் யார் கைக்கு எவ்வாறு மாறியது என்ற வரலாற்றை முறையாக எழுதி, சமாதான நீதவான் முன்னிலையில் உறுதிசெய்து, கோயிலை நிருவகிப்பவர்கள் அம்மன் சார்பில் ஒப்பமிட்டுத் தந்தால் பெயர் மாற்றலாம் என்றார். “எழுதுறதுக்கு ஆள் இருக்கா?” என்று கேட்டார்.

“அண்ணன் தமிழ் வாத்தியார். எழுதி எழுதியே ஓய்வு எடுத்தவரு,” என்றாள் தங்கை.

இப்படித்தான் ஒரு காரின் உரிமை வரலாற்றை எழுதும் பணி எனக்கு வாய்த்தது. என் வாழ்நாளில் எந்தக் கட்டுரையையும் இவ்வளவு சிரித்துக்கொண்டு எழுதியதில்லை.

முதல் உரிமையாளர் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, மணமாகாதவர். கப்பலில் வந்த வண்டி கொழும்பிலிருந்து மலையேறி வந்த நாளில் நான் தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு மாணவன். ஆசிரியரே முதலில் வெளியே ஓடினார். பங்களாவிலிருந்து தொழிற்சாலை வரை ஒன்றரை மைல் தார்ப்பாதை. அதன் குறுக்கே நீரோடும் காண்கள் ஏழு. ஒவ்வொரு காணிலும் வண்டியின் வயிறு தட்டிவிடும். எனவே எட்டுப் பேர் கூடவே ஓடி, காணுக்குக் காண் வண்டியைத் தூக்கி அப்பால் வைப்பார்கள். துரை இறங்கமாட்டார், உள்ளே உட்கார்ந்தபடியே நன்றி சொல்வார். எட்டுப் பேரில் ஒருவர் என் தந்தை. “ஒன்றரை மைல்ல அந்தக் காரு ஓடுனது ஒரு மைலு, நாங்க தூக்குனது அர மைலு,” என்பார். தோட்டத்தார் அதற்கு வைத்த பெயர் ‘சப்பட்டை’. இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் அது சப்பட்டைதான்.

தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது துரை ஊர் திரும்பினார். போகும்முன் வண்டியை வெலிமடைப் பக்கத்து மரக்கறி முதலாளி ஒருவருக்கு விற்றார். இவ்விடத்தில் இந்நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாகனத்தை விற்பவர் கைமாற்றுப் படிவத்தில் தம் ஒப்பத்தை மட்டும் இட்டு, வாங்குபவரின் பெயரெழுதும் இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். அதற்கு ‘ஓப்பன் பேப்பர்’ என்று பெயர். வாங்கியவர் தம் பெயரை எழுதாமலேயே வண்டியை ஓட்டுவார். பின்னர் அதே தாளை அடுத்தவரிடம் தந்துவிடுவார். பதிவுப் புத்தகமோ எப்போதோ போய்விட்ட மனிதரின் பெயரையே சுமந்துகொண்டிருக்கும்.

முதலாளி இப்போது இல்லை. அவருடைய மகன் எங்களை உட்கார வைத்துத் தேநீர் தந்து, தம் தந்தை செய்த ஒரே வேடிக்கையான வேலை அந்தக் காரை வாங்கியதுதான் என்றார். முதலாளிக்கு வாகனம் என்றால் மரக்கறி ஏற்றுவது. பின்பக்கத்தில் ஒரு சிறு பெட்டியறை இருப்பதைக் கண்டு, முதல் வாரமே அதில் லீக்ஸும் போஞ்சியும் நிறைத்துக்கொண்டு பதுளைச் சந்தைக்குப் புறப்பட்டார். அந்தப் பெட்டியறைக்கும் எஞ்சினுக்கும் இடையே இருப்பது ஒரு தகடுதான். சந்தையில் மூடியைத் திறந்தபோது ஆவி பறந்தது. போஞ்சி அரை வேக்காட்டில் இருந்தது. லீக்ஸ் முழுதாகவே வெந்திருந்தது.

“சந்தையில எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா வாத்தியார்?” என்றார் மகன். “முதலாளி, உப்பு மட்டும் போட்டீங்கன்னா அப்படியே சாப்பிட்டுருவோம்னு சொன்னாங்களாம். அப்பா வீட்டுக்கு வந்து மூணு நாள் வெளிய போகல.”

நான்காம் நாள் அவ்வண்டி, நிரப்பப்படாத அதே தாளோடு, ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டங்களைப் பார்த்துவந்த யாழ்ப்பாணத்து மருத்துவர் கைக்குப் போயிற்று. அவருக்கு இப்போது எண்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். தொலைபேசியில் அழைத்தேன்.

“ஆர் கதைக்கிறது?”

சொன்னேன்.

“ஓமோம், விளங்குது. தூக்கிற ஆக்களிலை ஒராளின்ரை மகன். அப்ப, அந்தச் சாமான் இன்னும் கிடக்கோ?”

“கிடக்கிறது மட்டுமில்லை டொக்டர், ஓடுகிறது.”

மறுமுனையில் நெடுநேரம் சிரிப்புக் கேட்டது. “நான் வைச்சிருக்கேக்கை அது ஓடினதை விட நிண்டதுதான் கூட. அதிலை ஒரு வருத்தக்காரனை ஏத்தினா, படுக்க ஏலாது, சரிய ஏலாது. மாப்பிளை மாதிரி நிமிர்ந்து இருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். பாதிப் பேருக்கு அந்தப் பயத்திலையே காய்ச்சல் விட்டிட்டுது.”

அது மிகையன்று. அவருடைய வண்டியின் ஓசை இரண்டு மலைக்கு அப்பாலேயே கேட்கும். கேட்டதும் லயத்து வரிசை வீடுகளில் படுத்திருந்த நோயாளிகள் எழுந்து தலைவாரிக்கொள்வார்கள். சப்பட்டையில் ஏறுவதென்றால் நோயாளியும் அலங்காரமாகத்தான் ஏறவேண்டும் என்பது அக்காலத்து எண்ணம்.

தமிழர்களுக்கு எதிரான ஆடி மாதத்துக் கலவரம் வந்தபோது மருத்துவர் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. வண்டியை எங்கள் தோட்டத்தார் எரிய விடவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொண்டேன். மாட்டுப்பட்டிக்குள் தள்ளி, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை அதன்மேல் மலையாகக் குவித்து மறைத்தார்கள். எரிக்க வந்தவர்கள் விறகுக் குவியலைக் கண்டார்கள், போய்விட்டார்கள். சில மாதங்களுக்குப் பின்னர் மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதனுள் துரை ஒப்பமிட்ட அந்தத் தாள். நீங்கள் காப்பாற்றிய வண்டி உங்களுக்கே, பொருத்தமான பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்.

பொருத்தமான பெயர் எது என்பதில்தான் தோட்டம் பிளவுபட்டது. மறைத்தவர்கள் ஒரே லயத்தைச் சேர்ந்த பதினாறு குடும்பத்தார். முதலில் மாட்டுப்பட்டியின் கதவைத் திறந்தவர் தாமே என்றார் ஒருவர். குச்சி சுமந்தவர்கள் தாங்கள் என்றார்கள் வேறு நால்வர். வண்டியை அன்று தொட்டவர்கள் ஒருபுறம், பார்த்தவர்கள் மறுபுறம். இவ்வளவுக்கும் வண்டியை ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மூன்று கூட்டம் நடந்தது. மூன்றாவது கூட்டத்தில் பேனாவைக் கையில் வைத்திருந்தவர் என் தந்தை, கோயிற் செயலாளர் என்ற முறையில். அவர் எவரிடமும் கேட்காமல் வெறுமையான இடத்தில் அம்மனின் பெயரை எழுதினார். முகவரி: கோயிலடி, மேற்பிரிவு. தொழில் என்ற இடத்தில் சற்று யோசித்து, ‘காவல்’ என்று எழுதினார். அத்தோடு வழக்கு முடிந்தது. அம்மனோடு யார் பங்கு கேட்பது?

தாள் தபாலில் போயிற்று. புத்தகம் தபாலில் வந்தது. அம்மனின் பெயரைக் கொண்ட பெண்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. ஆதலின் எங்கோ ஒரு மேசையில் இருந்த எவருக்கும் ஐயம் எழவில்லை. அடையாள அட்டை இலக்கம் இல்லாததும் வியப்பாகத் தோன்றியிராது. அக்காலத்தில் குடியுரிமையே இல்லாத எங்கள் மக்களிற் பெரும்பாலோர்க்கும் அது இருக்கவில்லை.

அம்மனுக்கு வண்டி கிடைத்த முதல் ஆண்டிலேயே திருவிழாவுக்கு அதைத் தேராக்கினார்கள். எஞ்சினை மூடிய தட்டையான பகுதியில் பலகை பொருத்தி, அதன்மேல் உற்சவ மூர்த்தியை எழுந்தருளச் செய்தார்கள். பெற்றோலுக்கு வழியில்லை, வடம் கட்டி இழுத்தார்கள். உலகத்து வேகமான வண்டிகளுள் ஒன்றை எண்பது பேர் தப்பொலிக்கு ஏற்ப அடியடியாக இழுத்துச் சென்ற காட்சியை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். மற்றைய தோட்டங்களில் தேர் உயரமானது. அம்மனின் முகத்தை அண்ணாந்து பார்க்கவேண்டும். எங்கள் தேரில் அம்மன் நடந்து வருபவர்களின் கண்ணுக்கு நேரே இருந்தாள். குழந்தைகள் தங்கள் கையாலேயே பூப் போட்டார்கள்.

இழுத்தால் மட்டும் போதாது. திருப்ப ஆள் வேண்டும். அந்த இருக்கையில் ஆண்கள் கால் நீட்டினால் தலை இடித்தது. சேலை கட்டியவர்கள் நுழையவே முடியவில்லை. விரதமிருந்த, பாவாடை தாவணி அணிந்த, ஒடிசலான ஒருவர் தேவைப்பட்டார். என் தங்கைக்கு அப்போது பதினெட்டு வயது. ஆறு திருவிழாக்களில் அவளே சுக்கானைப் பிடித்தாள். இரண்டாம் ஆண்டில் தொழிற்சாலை இறக்கத்தில் வண்டி தானாகவே உருளத் தொடங்கி, முன்னால் வடம் பிடித்தவர்களை விரட்டிக்கொண்டு போயிற்று. “அம்மா தொரத்துறா, ஓடு ஓடு,” என்று எல்லாரும் ஓட, இவள் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து, சரியாக ஆலமரத்தடிப் பிள்ளையாருக்கு முன்னே நிறுத்தினாள். அடுத்த ஆண்டிலிருந்து வடத்தை முன்னால் நாற்பது பேரும் பின்னால் நாற்பது பேரும் பிடித்தார்கள்.

அவளுடைய திருமணத்துக்கும் அந்த வண்டியே வேண்டுமென்று பிடிவாதம் செய்தாள். கூறைச் சேலையோடு எப்படியோ உள்ளே திணித்துவிட்டோம். கோயில் வாசலில் இறங்க முடியவில்லை. முகூர்த்தம் நெருங்குகிறது, இரண்டு அத்தைமார் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். மாப்பிள்ளை லுணுகலைப் பக்கத்து வாகனத் திருத்துநர். அவர் மணமகளைப் பார்க்கவில்லை. பட்டு வேட்டியோடு வண்டியின் பின்னால் போய்க் குனிந்து, “இதுல எத்தன காபரேட்டர் இருக்கு?” என்று என்னைக் கேட்டார்.

“மொதல்ல பொண்ண எறக்குங்க மாப்ள,” என்றார் என் தந்தை.

“இதோ வாறேன் மாமா, நாலு இருக்குங்க,” என்றார் அவர்.

சில ஆண்டுகளில் கோயிலுக்கு மரத்தேர் வந்தது. சப்பட்டை கோயிலின் பின்கொட்டகைக்குப் போயிற்று. கோழிகள் அதில் முட்டையிட்டன. தங்கையும் மச்சானும் கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஓரளவு மூச்சுவிட்ட பின்னர், கோயிற் சபையாரிடம் கேட்டார்கள். எடுத்துக்கொண்டு போய் எதையாவது செய்யுங்கள், கொட்டகையாவது காலியாகும் என்றார்கள். பதினோராண்டு வேலை நடந்தது. மச்சானின் அண்ணன் மகள் இத்தாலியில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சொக்கலேட்டுக்கு நடுவே ஒரு வளையமோ குழாயோ எடுத்து வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் எஞ்சின் விழித்தது. பெரகல சந்தியில் நின்ற பேருந்திலிருந்து பயணிகள் இறங்கிவந்து பார்த்தார்கள். தேநீர்க்கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். மச்சான் முகத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டார். முகம் கறுத்துப் போனதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

எழுதி முடித்த வரலாற்றோடு நாங்கள் கோயிற் சபையின் முன் போய் நின்றோம். என் கையெழுத்தையும் நடையையும் தலைவர் பாராட்டினார், ஒப்பமிட மறுத்தார்.

“வாத்தியாரே, எல்லாம் சரி. வண்டிய நாங்க குடுத்தது செய்யிறதுக்கு. பேர மாத்திக் குடுக்கிறதுன்னா அது அம்மாவோட சாமான். அத எப்படி நாங்க குடுக்கிறது?”

சபையின் இளைய உறுப்பினர் ஒருவருக்கு வேறு எண்ணமும் இருந்தது. “இப்பதான் வண்டி பளபளன்னு இருக்கே. கோயில் வாசல்லயே கண்ணாடிக் கூண்டு போட்டு நிறுத்துவோம். எல்ல மலைக்குச் சுத்திப்பாக்கப் போற வெள்ளக்காரன் பூரா இங்க வந்து போட்டோ எடுப்பான்.”

“கூண்டுல நிக்கிறதுக்கா பதினோரு வருசம் முதுகொடிஞ்சோம்?” என்றாள் தங்கை. குரல் தாழ்ந்துதான் இருந்தது. “அது ஓடணும் மாமா. ஒருக்காவாச்சும் அது பாதையில ஓடணும். நான் ஓட்டணும்.”

தலைவர் என் தாள்களை மடித்துத் திருப்பித் தந்தார். “அப்ப அம்மாகிட்டயே கேட்ருவோம். வெள்ளிக்கிழம பூக்கட்டிப் பாப்போம்,” என்றார்.

பெரிய முடிவுகளை எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் எடுப்பார்கள். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே வெற்றிலையில் மடித்து, ஒரே அளவான இரண்டு பொட்டலங்களாகக் கட்டி அம்மனின் காலடியில் வைப்பார்கள். விவரம் அறியாத குழந்தையொன்று ஒன்றை எடுக்கும். வெள்ளையென்றால் ஆம், சிவப்பென்றால் இல்லை. அதன்பின் மறுபேச்சுக் கிடையாது.

வெள்ளிக்கிழமை முற்பகல் தோட்டமே கோயிலில் இருந்தது. கொழுந்து பறிக்கப் போன பெண்கள் கூடையோடு வந்து வாசலில் நின்றார்கள். தங்கை தலைகுளித்து, ஈரக் கூந்தலோடு தூணோரம் நின்றாள். கடையில் நாலு பேரை ஒரே நேரத்தில் அதட்டுபவளின் விரல்கள், சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. மச்சான் உள்ளே வரவில்லை. வெளியே நின்று செருப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

“வண்டிய இவ பேருக்குக் குடுக்க உனக்குச் சம்மதமா தாயே?” என்று தலைவர் உரக்கக் கேட்டார். பூசகர் கற்பூரம் காட்டினார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை இறக்கிவிட்டார்கள். அவள் இரண்டு பொட்டலங்களையும் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு கையில் ஒன்றும் மறு கையில் மற்றொன்றுமாக இரண்டையும் எடுத்துக்கொண்டு தன் தாயிடம் ஓடினாள்.



“ஒன்ன வைடி,” என்றாள் தாய். சிறுமி இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“திருப்பி வைக்கலாமா?” என்று கேட்டேன்.

“ஒரே கேள்விய ரெண்டு தடவ கேக்கப்படாது வாத்தியாரே. கோவிச்சுக்குவா,” என்றார் பூசகர்.

“இதுக்கு என்ன அர்த்தம்? குடுன்னும் சொல்றா, குடுக்காதன்னும் சொல்றாளே,” என்றார் தலைவர். இளைய உறுப்பினர் கண்ணாடிக் கூண்டை மீண்டும் நினைவூட்டினார். பூசகரும் தலைவரும் தத்தம் பக்கத்து நியாயங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். தங்கை தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது வாசலில் கூடையோடு நின்ற பெண்களில் ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். “இதுல என்னத்த யோசிக்கிறீங்க? ஆத்தாளுக்கு வண்டியும் வேணுமாம், அத ஓட்ட அவளும் வேணுமாம். ரெண்டையும் எடுத்துக்கிட்டா. வருசம் முந்நூத்தி அறுபத்தி நாலு நாளு அவ ஓட்டட்டும், ஒரு நாளு ஆத்தா வரட்டும். சீக்கிரம் முடிங்க, கொழுந்து நிறுக்கிற நேரமாச்சு.”

தலைவர் பூசகரைப் பார்த்தார். பூசகர் அம்மனைப் பார்த்தார். “லீப் வருசம் வந்தா?” என்றார் இளைய உறுப்பினர், தோல்வியை ஏற்க மனமில்லாமல்.

“அந்த நாளு நீ ஓட்டு,” என்றாள் அவள். கோயில் முழுவதும் சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே பேனாவைக் கேட்டார். என் வரலாற்றின் கடைசிப் பக்கத்தில், அம்மனுக்காக என்று எழுதி, ஐவர் ஒப்பமிட்டார்கள். இளைய உறுப்பினரின் ஒப்பமே எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது. தங்கை எவரையும் பார்க்காமல் அந்தச் சிறுமியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நான் போனபோது அவள் படியில் உட்கார்ந்து, பிள்ளையின் வாயிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திராது.

புத்தகம் கிடைக்கும் நாளில் வண்டியைப் பாரவூர்தியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனோம். திரும்பும்போது ஓட்டிவருவதாக ஏற்பாடு. காப்புறுதியும் வரிப்பத்திரமும் பெற்று முடிய நண்பகலாயிற்று. இளைய எழுத்தர் புத்தகத்தைக் கொடுக்கும்போது எழுந்து நின்றார். துரையின் பெயர், அம்மனின் பெயர், அதன்கீழ் என் தங்கையின் பெயர், தந்தை பெயரின் முதலெழுத்தோடு. நாங்கள் பிறந்த லயத்து ஒற்றையறைக் காம்பரா எங்கள் பெயரில் இருந்ததில்லை. அதன் முன்னே எங்கள் தாய் பூசணி போட்ட நிலத்துண்டும் இருந்ததில்லை. அவள் புத்தகத்தை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கைப்பையில் வைத்தாள். உடனே எடுத்து மூன்றாம் முறை வாசித்தாள்.

இரண்டு இருக்கைகளில் ஒன்று எனக்குக் கிடைத்தது. மச்சான் பாரவூர்தியில் கருவிப் பெட்டியோடு பின்னால் வந்தார். ஹாலிஎல வரை எங்களுக்கு முன்னே ஒரு மணல் லொறி ஊர்ந்தது. எஞ்சின் எங்கள் முதுகுக்குப் பின்னால் உறுமியும் முனகியும் இரண்டாம் கியருக்கு மேல் போகாமல் வந்தது. அவள் முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. “அண்ணே, என்னா வேகமா போறோம்,” என்றாள். முச்சக்கரவண்டி ஒன்று எங்களை முந்திச் சென்றது.

ஹாலிஎலச் சந்தியில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். குனிந்து, இன்னும் குனிந்து, கடைசியில் ஒரு முழங்காலை மடக்கி உள்ளே பார்த்தார். இது என்ன வாகனம், பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று சிங்களத்தில் கேட்டார். தங்கையும் சிங்களத்தில், எடுத்துக்கொள்ளலாம், அதற்கு முன்னால் புத்தகத்தைப் பாருங்கள் என்றாள். வேண்டாம் அக்கா, நம்புகிறேன் என்றார் அவர். நம்ப வேண்டாம், பாருங்கள் என்று சன்னல் வழியே நீட்டினாள். அவர் வேறு வழியின்றி வாங்கிப் பெயரை வாசித்தார்; அவள் கேட்காமலேயே கொடுத்த அடையாள அட்டையோடு ஒப்பிட்டார். “சரி,” என்றார். அவள் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையசைத்தாள். படத்தில் அவர் அவளையும் நிற்கச் சொன்னார்.

பண்டாரவளையில் நின்ற பொலிஸ்காரர் எங்களை மறிக்கவில்லை. தொலைவிலிருந்தே அவரைக் கண்டு அவள் வேகத்தைக் குறைத்தாள். அவர் போகுமாறு கையசைத்தார். இன்னும் குறைத்தாள். பின்னால் வந்த பேருந்து ஒலியெழுப்பியது.

“என்னண்ணே, இவன் கேக்கவே மாட்டேங்கிறான்,” என்றாள். சைகை விளக்கைப் போட்டு, வண்டியை ஓரங்கட்டி, அவருடைய சப்பாத்தின் அருகே சரியாக நிறுத்தி, கைப்பையைத் திறந்தாள்.